15 ஜிபிக்குள் வெப்சைட் பேக்கப்: எதை எடுப்பது, எத்தனை வைப்பது

பேக்கப் போய்ச் சேரும் இடம் நிறைந்துவிட்டதை வெப்சைட் சொல்லாது, மெயில்தான் சொல்லும். ஈரோட்டில் நான் பார்த்துக்கொள்கிற சைட்டுகளில் மஞ்சள் வியாபாரி ஒருவருடையதும் உண்டு. ஒருநாள் போன் செய்து, "ஏனுங்க, நேத்துல இருந்து ஒரு மெயிலும் வரலீங்க. பார்ட்டி அனுப்பிட்டேங்கறாரு, இங்க ஒன்னும் காணோம்" என்றார். பார்த்தால், அவருக்கு முன்பு சைட் போட்டுக் கொடுத்தவர் தினசரி முழு பேக்கப்பை அவருடைய சொந்த ஜிமெயில் கணக்கின் டிரைவுக்கே திருப்பிவிட்டுப் போயிருந்தார். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அது நிறைந்துவிட்டால் டிரைவில் புதிதாக எதையும் ஏற்ற முடியாது, மெயில் அனுப்பவும் முடியாது, வரும் மெயிலும் திரும்பிப் போய்விடும்.

நான் இங்கே சொல்லப்போவது வேர்ட்பிரஸ் சைட், அதில் பேக்கப் எடுக்கும் இலவச அப்டிராஃப்ட்பிளஸ் பிளகின், கூகுள் டிரைவ் என்ற கூட்டணியை வைத்துத்தான். கடை, பள்ளி, கிளினிக் என்று சின்ன சைட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்குப் பின்பாதியில் கொஞ்சம் இருக்கிறது.

எத்தனை நாளில் தெரியும்?

இடம் நிறைந்தது என்றதும் எல்லோரும் கேட்பது, "எத்தனை ஜிபி வாங்கணும்?" நான் திருப்பிக் கேட்பது: உங்கள் சைட் கெட்டுப்போனால் அது உங்களுக்கு எத்தனை நாளில் தெரியவரும்?

ஜவுளிக்கடைக்காரரின் சைட்டில் ஆர்டர் பக்கம் உடைந்தால் ஒரு மணி நேரத்தில் எனக்கு போன் வந்துவிடும். மெட்ரிக் பள்ளி ஒன்றின் சைட் அப்படி இல்லை. அட்மிஷன் சீசனில் ஆபீஸ் அம்மா தினமும் திறப்பார். மற்ற மாதங்களில் திறந்து பார்க்க ஆளே கிடையாது. அந்த மாதிரி சைட்டுக்குள் எவனாவது புகுந்து சூதாட்டப் பக்கங்களைச் செருகினால், முகப்பில் ஒன்றும் தெரியாது. கூகுளில் தேடி வருகிறவர்களுக்கு மட்டும் காட்டும் விதமாகத்தான் பெரும்பாலும் செருகுகிறார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பெற்றோர், "உங்க ஸ்கூல் பேரைப் போட்டா என்னமோ வருதே" என்று சொன்ன பிறகுதான் தெரியும்.

இப்போது அப்டிராஃப்ட்பிளஸ் அமைப்புகளைத் திறந்து பாருங்கள். எத்தனை பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் பெட்டியில், நீங்கள் மாற்றாதவரை 2 என்று இருக்கும். தினசரி பேக்கப், 2 பிரதி என்றால் கையில் இருப்பது நேற்றையதும் முந்தாநாளையதும்தான். பள்ளி சைட்டில் ஒரு மாதப் பழைய நோய்க்கு இரண்டுமே நோயாளிகள். இடம் மட்டும் அடைகிறது, பயன் இல்லை.

அதனால் பிரதிகளின் எண்ணிக்கையை விட, கடைசிப் பிரதி எவ்வளவு பழையது என்பதுதான் முக்கியம். தினமும் 7 பிரதி வைத்தால் ஒரு வாரம் பின்னால் போகலாம். பதினைந்து நாளுக்கு ஒன்றாக 3 பிரதி வைத்தால் பாதி இடத்துக்கும் குறைவில் ஒரு மாதத்துக்கு மேல் பின்னால் போகலாம். ஆள் பார்க்காத சைட்டுக்குத்தான் நீண்ட கால பேக்கப் வேண்டும் என்றால் முதலில் தலைகீழாகத் தோன்றும். ஆனால் என் அனுபவத்தில் கழுத்தறுப்பதெல்லாம் அந்த மாதிரி சைட்டுகள்தான்.

அளந்து பாருங்கள்

பிளகினின் பேக்கப் பட்டியலில் ஒவ்வொரு தொகுப்பும் ஐந்து துண்டாக இருக்கும்: டேட்டாபேஸ் (எழுத்தும் அமைப்புகளும்), பிளகின்ஸ், தீம்ஸ், அப்லோட்ஸ் (நீங்கள் ஏற்றிய படங்கள்), அதர்ஸ் (மற்றவை). டிரைவில் அந்தக் கோப்புகளின் அளவைப் பாருங்கள். பெரிய ஜிப்பை 400 எம்பி வீதம் பிளகின் தானே உடைத்து வைக்கும். அப்லோட்ஸ் என்ற பெயரில் எட்டுப் பத்து கோப்புகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஒரே பேக்கப்தான். அவற்றில் ஒன்றை அழித்தால் அதற்குள் இருந்த படங்கள் போய்விடும், அந்த பேக்கப் முழுமையாக இருக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இடம் காலி செய்கிறேன் என்று நடுவில் ஒரு துண்டைத் தூக்கியவர்களை எனக்குத் தெரியும்.

பள்ளி சைட்டில் நான் பார்த்தபோது கணக்கு இப்படி இருந்தது. டேட்டாபேஸ் சுருக்கிய பிறகு 8 எம்பி. பிளகின்கள் 180 எம்பி. தீம் 40 எம்பி. அப்லோட்ஸ் 3.2 ஜிபி. அதாவது தினமும் மாறுகிற பகுதி 8 எம்பி, அதைக் காப்பாற்ற தினமும் மூன்றரை ஜிபியை டிரைவுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழு பிரதி வைத்தால் 24 ஜிபி. 15 ஜிபியில் அது அடங்காது.

டேட்டாபேஸ் இவ்வளவு சிறியதாவதற்குக் காரணம் அது வெறும் எழுத்து. ஜிப் செய்தால் நன்றாக ஒடுங்கும். ஜேபெக் படம் ஏற்கெனவே ஒடுக்கப்பட்டது. அதை ஜிப்பில் போட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவில்தான் வெளியே வரும். "ஜிப் பண்ணியும் குறையலையே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அப்லோட்ஸ் ஏன் இப்படி வீங்குகிறது?

போனில் எடுத்த ஒரு படத்தை வேர்ட்பிரஸ்ஸில் ஏற்றினால் சர்வரில் ஒரு கோப்பு உருவாவதில்லை, எட்டு உருவாகின்றன. 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் என்று ஆறு சிறு பிரதிகள். 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பிலிருந்து, 2560 பிக்சலுக்கு மேல் உள்ள படத்துக்கு அந்த அளவில் இன்னொரு பிரதி எடுத்து, அதைத்தான் பக்கத்தில் பயன்படுத்துகிறது. நீங்கள் ஏற்றிய மூலப் படமும் அழியாமல் அப்படியே கிடக்கும். சைட்டில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளகின் இருந்தால் அது தன் பங்குக்கு இன்னும் சில அளவுகளைச் சேர்க்கும், தீமும் சேர்க்கும். ஆண்டு விழாப் படம் முந்நூறு ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு நான் கண்ட நல்ல வழி பேக்கப்பில் இல்லை, படம் ஏற்றுகிற இடத்தில் இருக்கிறது. ஏற்றும் முன்பே 1600 பிக்சலுக்குக் குறைத்துவிட்டால் மூலப் படமும் சின்னது, 2560 பிரதியும் உருவாகாது, 2048 பிரதியும் உருவாகாது. பள்ளி ஆபீஸ் அம்மாவுக்கு இதைப் போனிலேயே செய்ய ஒரு ஆப் போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் முணுமுணுத்தார், பிறகு பழகிவிட்டது. வீடியோவை மட்டும் சைட்டில் ஏற்றவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். யூடியூபில் போட்டு இணைப்பை வைத்தால் போதும்.

சிறு பிரதிகளைப் பேக்கப்பில் விலக்கிவிட்டு, தேவைப்படும்போது மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். முடியும்தான், அதற்குப் பிளகின் இருக்கிறது. ஆனால் சைட் விழுந்து, கஸ்டமர் தலைமேல் நிற்கும் நேரத்தில் ஆயிரக்கணக்கான படங்களை மறு உருவாக்கம் செய்துகொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. நான் விலக்குவதில்லை.

விலக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கும் சிபேனலில் டிஸ்க் யூசேஜ் பக்கத்தைத் திறந்து பெரிய ஃபோல்டர்களை இறங்கு வரிசையில் பாருங்கள். பழைய டெவலப்பர்கள் பரணில் ஏற்றிவிட்டு மறந்த சாமான் எல்லாம் அங்கே கிடக்கும். ஆல் இன் ஒன் டபிள்யூபி மைக்ரேஷன் பிளகினால் எடுத்த முழு சைட் எக்ஸ்போர்ட், டூப்ளிகேட்டர் பிளகின் விட்டுப்போன ஜிப், சிபேனலிலேயே 'ஃபுல் பேக்கப்' பட்டனை அழுத்தி ஹோம் டைரக்டரியில் உருவான கோப்பு, "ஓல்ட்", "டெஸ்ட்", "நியூ2" என்ற பெயர்களில் இன்னொரு வேர்ட்பிரஸ் நிறுவல்.

அப்டிராஃப்ட்பிளஸ் தன் சொந்த ஃபோல்டரையும், கேஷ் ஃபோல்டரையும், பெயர் 'பேக்கப்ஸ்' என்று முடிகிற ஃபோல்டர்களையும் முன்கூட்டியே விலக்கித்தான் வைத்திருக்கிறது. ஆனால் அப்லோட்ஸுக்குள் யாரோ கையால் போட்டுவைத்த 'ஸ்கூல் ஃபைனல்' ஜிப்பை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? பள்ளி சைட்டில் அப்படி ஒன்று 1 ஜிபிக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு பேக்கப்பும் அந்தப் பழைய பேக்கப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தது. அதை என் ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்ததும் மொத்த பேக்கப் 3.4 ஜிபியிலிருந்து 2.3 ஜிபிக்கு வந்தது. ஒரு பைசா செலவில்லை.

இப்படிப்பட்ட ஜிப்புகளை அழிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெயரை ஊகித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பிரவுசரிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும்.

டேட்டாபேஸ் பெரிதாக இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள்: கட்டுரைகளின் பழைய ரிவிஷன்கள் (வேர்ட்பிரஸ் இவற்றுக்கு வரம்பே வைப்பதில்லை, கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்து 5 என்று நிறுத்தலாம்), செக்யூரிட்டி பிளகின் வைத்திருக்கும் டிராஃபிக் பதிவு, பார்வையாளர் எண்ணிக்கை காட்டும் பிளகின்களின் டேபிள்கள். பின்னவை இரண்டுக்கும் எத்தனை நாள் பதிவு வேண்டும் என்று அந்தந்தப் பிளகினிலேயே குறைக்கலாம்.

இரண்டு அட்டவணை

அப்டிராஃப்ட்பிளஸ்ஸில் கோப்புகளுக்கு ஒரு கால அட்டவணை, டேட்டாபேஸுக்கு ஒரு கால அட்டவணை என்று தனித்தனியாக இருக்கிறது. எத்தனை பிரதி என்பதும் தனித்தனிதான். இலவசப் பதிப்பிலேயே இது உண்டு. ஆனாலும் நான் கையில் எடுக்கும் சைட்டுகளில் பெரும்பாலும் இரண்டும் 'தினசரி' என்றே இருக்கும்.

பள்ளிக்கு நான் வைத்தது: டேட்டாபேஸ் தினமும், 30 பிரதி. கோப்புகள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, 3 பிரதி. டேட்டாபேஸுக்கு 30 பெருக்கல் 8 எம்பி, 240 எம்பி. கோப்புகளுக்கு 3 பெருக்கல் 2.3 ஜிபி, ஏறக்குறைய 7 ஜிபி என்று தோன்றும். இங்கேதான் ஒரு பிரதி கூட்டிக்கொள்ள வேண்டும். புதிய பேக்கப் முழுதாக ஏறிய பிறகுதான் பழையது அழியும். அழிய வேண்டிய முறையும் அதுதான். ஆகவே அந்தச் சில நிமிடங்களுக்கு நான்கு பிரதிக்கு இடம் வேண்டும். 9.2 ஜிபி, டேட்டாபேஸோடு ஒன்பதரை. 15 ஜிபியில் இது அடங்கும், அந்தக் கணக்கில் மெயிலும் போட்டோவும் ஐந்து ஜிபியைத் தாண்டாதவரை. "மூணு காப்பிக்கு இடம் இருக்கே, ஏன் ஃபெயில் ஆகுது?" என்று கேட்பவர்கள் இந்த ஒன்றைக் கூட்ட மறந்தவர்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. பேக்கப் முடிந்த மறுநாள் ஏற்றிய படம், அடுத்த பதினைந்து நாளுக்குக் கோப்புப் பேக்கப்பில் இருக்காது. சைட் விழுந்தால் டேட்டாபேஸில் படத்தின் பெயர் இருக்கும், படம் இருக்காது. பள்ளிக்கு இது பரவாயில்லை, படம் ஆபீஸ் அம்மாவின் போனில் இருக்கும். ஜவுளிக்கடையில் தினமும் இருபது சேலைப் படம் ஏறுகிறது. அங்கே கோப்புகள் வாரம் ஒருமுறை, டேட்டாபேஸ் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. கல்யாண போட்டோ ஸ்டுடியோவுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தவில்லை. மாறியதை மட்டும் எடுக்கும் இன்கிரிமென்டல் வசதி காசு கொடுத்து வாங்கும் பதிப்பில்தான் இருக்கிறது, அவரை வாங்கச் சொல்லிவிட்டேன். சில சைட்டுகளுக்குக் காசு செலவழிப்பதுதான் நியாயம்.

பிளகின் அப்டேட் செய்யும் முன் கையால் ஒரு பேக்கப் எடுப்பவர்கள், அதில் அப்லோட்ஸை விட்டுவிட்டு டேட்டாபேஸ், பிளகின்ஸ், தீம்ஸ் மட்டும் டிக் செய்யுங்கள். அப்டேட் உங்கள் படங்களைத் தொடப்போவதில்லை. அந்தப் பெட்டியிலேயே 'கையால் மட்டுமே அழிக்கலாம்' என்ற பொருளில் இன்னொரு டிக் இருக்கும். அதைப் போட்டால் அந்த பேக்கப் பிரதி வரம்புக்குள் வராது, நீங்களாக அழிக்கும்வரை அசையாது. பெரிய மாற்றத்துக்கு முன் போடுவது நல்லதுதான். ஒவ்வொரு முறையும் போட்டால் டிரைவ் நிறைவதற்கு நீங்களே காரணம்.

ஹோஸ்டிங்கிலும் இடம் வேண்டும்

ஜிப் முதலில் சைட் இருக்கும் ஹோஸ்டிங்கில்தான் உருவாகிறது, பிறகுதான் டிரைவுக்குப் போகிறது. 5 ஜிபி பிளானில் 3.5 ஜிபி சைட் வைத்திருந்தால் ஜிப் செய்யவே இடம் இல்லை. ஒரு முழு பேக்கப் அளவுக்காவது காலி இடம் வைத்திருங்கள். சிபேனலில் உங்கள் டொமைன் மெயில்களும் அதே ஒதுக்கீட்டில்தான் வருகின்றன, ஆகவே ஹோஸ்டிங் நிறைந்தாலும் மெயில் நின்றுபோகும். டிரைவுக்கு ஏறியதும் உள்ளூர்ப் பிரதியை அழிக்கும் அமைப்பு பிளகினின் எக்ஸ்பெர்ட் பகுதியில் இருக்கிறது. பொதுவாக அது போடப்பட்டுத்தான் இருக்கும், யாராவது எடுத்துவிட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.

"ஹோஸ்டிங்லயே இடம் இருக்கே, அங்கயே வச்சுக்கலாமே" என்றால், வைக்கலாம், அதை பேக்கப் என்று சொல்லாமல் இருந்தால். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து அழிந்தது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள்.

டிரைவின் குணம்

டிரைவில் கையால் அழித்த கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போகும். 30 நாள் கழித்துத்தான் தானாக மறையும். அதுவரை இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். அழித்தீர்கள், இடம் குறையவில்லை என்றால் குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

நிறைய இடம் உள்ள நண்பர் தன் டிரைவ் ஃபோல்டரை உங்களுக்கு ஷேர் செய்து, "இதுல போட்டுக்கோ" என்பார். நல்ல மனசுதான், பலன் இல்லை. கோப்பு யாருடைய கணக்கிலிருந்து ஏறுகிறதோ அவர் ஒதுக்கீட்டில்தான் குறையும்.

நான் செய்வது, பேக்கப்புக்கென்றே தனி ஜிமெயில் கணக்கு. மஞ்சள் வியாபாரிக்கும் அப்படித்தான் மாற்றிக்கொடுத்தேன். அதில் மீட்பு எண்ணாகக் கடை முதலாளியின் எண்ணைப் போடுவேன், என் எண்ணைப் போடுவதில்லை. நாளை நான் இல்லாமல் போனாலும் அவருக்குச் சாவி கிடைக்க வேண்டும். இரண்டு ஆண்டு யாரும் எட்டிப் பார்க்காத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பது விதி. பிளகின் ஏற்றிக்கொண்டிருக்கிறதே என்று நம்பியிராமல் அவ்வப்போது நீங்களே லாகின் செய்யுங்கள். டிராப்பாக்ஸ் இலவசமாகத் தருவது 2 ஜிபி, ஒன்டிரைவ் 5 ஜிபி. டேட்டாபேஸை மட்டும் இன்னொரு இடத்திலும் வைக்க அதுவே தாராளம்.

சொந்த சர்வர்க்காரர்களுக்கு

விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த தனி சர்வர்) வைத்து, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஸ்கிரிப்ட் எழுதி பேக்கப் எடுப்பவர்கள் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் பெரும்பாலும் எழுதுவது, "30 நாளுக்கு மேல் பழைய கோப்புகளை அழி." எனக்கு இந்த வரியைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். ஏதோ காரணத்தால் பேக்கப் எடுப்பது நின்றுபோனது என்று வையுங்கள். பாஸ்வேர்டு மாறியிருக்கலாம், டிஸ்க் நிறைந்திருக்கலாம். எடுப்பது நின்றாலும் அழிப்பது நிற்காது. முப்பதாம் நாள் ஃபோல்டர் காலி. வயதைப் பார்த்து அழிக்காதீர்கள், எண்ணிக்கையைப் பார்த்து அழியுங்கள். "கடைசி 14 பிரதியை வைத்துக்கொள்" என்று எழுதினால், புதிதாக ஒன்று வராதவரை பழையது எதுவும் போகாது.

எண்ணிக்கை முறைக்கும் ஒரு குழி உண்டு. டேட்டாபேஸ் டம்ப்பை (டேட்டாபேஸின் முழு நகலை) நேராக ஒடுக்கும் நிரலான ஜிஜிப்புக்குக் குழாய் மாட்டி அனுப்பும்போது, டம்ப் தோற்றாலும் ஜிஜிப் தன் வேலையைச் செவ்வனே செய்து ஒரு காலிக் கோப்பை உருவாக்கும். அளவு சரியாக 20 பைட். பெயர் சரி, தேதி சரி, உள்ளே ஒன்றுமில்லை. பதினான்கு நாள் இப்படி நடந்தால், பதினான்கு காலிக் கோப்புகள் பதினான்கு நல்ல பேக்கப்பையும் வெளியே தள்ளிவிடும். ஆகவே அழிக்கும் வரிக்கு முன்னால், புதிய கோப்பின் அளவு நேற்றையதில் பாதியாவது இருக்கிறதா என்று ஒரு சோதனை வையுங்கள். இல்லையென்றால் ஸ்கிரிப்ட் எதையும் அழிக்காமல் நின்று உங்களுக்கு மெயில் அனுப்பட்டும்.

இட நெருக்கடி உள்ளவர்கள் ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் நிரலைப் பயன்படுத்துங்கள். இரண்டுமே ஒரே தரவை இரண்டு முறை சேமிப்பதில்லை. 2.3 ஜிபி சைட்டை முப்பது நாள் எடுத்தாலும், படங்கள் மாறாதவரை மொத்தம் கொஞ்சம்தான் கூடும். தினம் 7, வாரம் 4, மாதம் 12 என்று வைத்தால் 23 பிரதிகளில் ஒரு வருடம் பின்னால் போகலாம். ஆனால் ரெஸ்டிக்கில் 'ஃபர்கெட்' கட்டளை பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதோடு சரி. 'ப்ரூன்' ஓட்டினால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். போர்க்கிலும் 1.2 பதிப்பிலிருந்து 'ப்ரூன்' செய்த பிறகு 'காம்பாக்ட்' என்று தனியாக ஓட்ட வேண்டும். பழைய ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு போர்க்கை மட்டும் புதுப்பித்தவர்கள் டிஸ்க் ஏன் குறையவில்லை என்று விழித்தது இதனால்தான்.

பேக்பிளேஸ் பி2 என்ற இணையச் சேமிப்பில் முதல் 10 ஜிபி இலவசம். அங்கே பக்கெட் (கோப்புகளைப் போட்டுவைக்கும் தொட்டி) உருவாக்கும்போது 'எல்லாப் பதிப்புகளையும் வைத்திரு' என்பதுதான் தானாக அமைந்திருக்கும். ஒரே பெயரில் தினமும் மேலெழுதினாலும் பழையதெல்லாம் மறைவாகக் கிடந்து கணக்கில் ஏறும். லைஃப்சைக்கிள் பகுதியில் 'கடைசிப் பதிப்பு மட்டும்' என்றோ, இத்தனை நாள் என்றோ மாற்றுங்கள். அமேசானின் இணையச் சேமிப்பான எஸ்3யில், துண்டு துண்டாக ஏற்றும்போது பாதியில் அறுந்த மல்டிபார்ட் அப்லோடுகளின் துண்டுகள் கோப்புப் பட்டியலில் தெரியாது, பில்லில் மட்டும் தெரியும். முடியாத அப்லோடுகளை 7 நாளில் நீக்கு என்று ஒரு விதி எழுதிவிட்டால் போதும். மலிவு என்று அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே குறைந்தபட்ச காலம் 180 நாள். இரண்டு வாரத்தில் அழித்தாலும் 180 நாளுக்கும் காசு. வாசாபி என்ற இன்னொரு இணையச் சேமிப்பில் வழக்கமான திட்டத்தில் 90 நாள். வேகமாகச் சுழலும் பேக்கப்புக்கு இவை இடமே இல்லை. வருடத்துக்கு ஒன்று எடுத்து வைப்பதற்கு மட்டும்தான்.

யாருக்குத் தெரியும்?

இடம் நிறைந்து பேக்கப் நின்றால் அதை யார் கவனிப்பது? அமைப்புகளில் டிக் செய்திருந்தால் அப்டிராஃப்ட்பிளஸ் அறிக்கையை மெயிலில் அனுப்பும். அந்த மெயில் எந்த முகவரிக்குப் போகிறது என்று பாருங்கள். பேக்கப் நிரப்பிய அதே ஜிமெயிலுக்குப் போனால், நிறைந்த அன்றே அறிக்கையும் நின்றுவிடும். வேறு முகவரிக்கு மாற்றுங்கள். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் எஸ்3 பக்கெட் காலி. டம்ப் எடுக்கும் நிரலின் பதிப்பு பொருந்தாமல் அது ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களுக்கு டிமார்க் (அனுப்புநர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் முறை) அமைக்கப்படாததால் அவை நிராகரிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. வேறொரு காரணத்துக்காகச் சற்று முன் எடுத்திருந்த ஒரு பிரதியால் இழப்பு ஆறு மணி நேரத் தரவோடு நின்றது.

இன்னொன்று, வேர்ட்பிரஸ்ஸின் கால அட்டவணை யாராவது சைட்டைத் திறக்கும்போதுதான் ஓடும். ஆள் வராத சைட்டில் 'தினசரி' என்பது யாராவது வருகிற நாளைப் பொறுத்தது. சிபேனலில் கிரான் ஜாப் ஒன்று வைத்து அதைத் தட்டி எழுப்புங்கள்.

என் மேசை நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பேக்கப் பார்க்கும் நாள். ஒவ்வொரு கணக்கிலும் கூகுளின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுவேன். போன மாதத்தைவிட 1 ஜிபிக்கு மேல் ஏறியிருந்தால் அந்த சைட்டில் யாரோ ஏதோ பெரிதாக ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். கேட்டால் "அது ஒரு வீடியோதாங்க" என்று பதில் வரும். பிறகு டிரைவில் மிகப் பழைய கோப்பின் தேதியைப் பார்ப்பேன். பள்ளிக்கு ஒரு மாதம் பின்னால் போகிறதா, ஜவுளிக்கடைக்கு மூன்று வாரமாவது இருக்கிறதா என்று. காலாண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு சைட்டின் பழைய பிரதியை இறக்கி என் லேப்டாப்பில் ஏற்றிப் பார்ப்பேன். முகப்பு வந்தால் நிறுத்திக்கொள்ளாதீர்கள். மீடியா பகுதிக்குப் போய் மிகப் பழைய மாதத்தின் படங்களைத் திறந்து பாருங்கள், வூகாமர்ஸ் என்றால் கடைசி ஆர்டரின் எண்ணைப் பாருங்கள், தொடர்புப் படிவத்தை ஒருமுறை நிரப்பி அனுப்புங்கள். லேப்டாப் பிரதியிலிருந்து கஸ்டமருக்கு உண்மையான மெயில் போய்விடாமல் இருக்க, அனுப்பும் முகவரியை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.